போகும்போது மெடிக்கல், வரும்போது எதுவுமில்லை: உடம்புக்குள் தங்கும் கதிர்வீச்சும் நமது தொழிலாளர்களும்

மத்திய கிழக்குக்குத் தொழிலுக்குப் போகும் எவரும் மெடிக்கல் எடுக்காமல் விமானம் ஏற முடியாது. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், சம்மாந்துறை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று நமது ஊர்கள் எதிலும் இதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. இரத்தம் எடுப்பார்கள், சிறுநீர் எடுப்பார்கள், நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுப்பார்கள். எப்போதோ வந்து ஆறிப்போன காசநோயின் தழும்பு தெரிந்தாலும் ‘அன்ஃபிட்’ என்று எழுதிவிடுவார்கள் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. ஏஜன்சிக்குக் கட்டிய பணம், அடகு வைத்த நகை எல்லாம் அந்த ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருக்கும்.

இந்தச் சோதனை யாருக்காக நடக்கிறது? வேலை கொடுப்பவருக்காக. நோயாளி ஒருவரைத் தலையில் கட்டிவிடக் கூடாது என்பதற்காக. அதில் பிழை சொல்வதற்கில்லை. ஆனால் அதே மனிதன் ஐந்து வருடம், பத்து வருடம் உழைத்துவிட்டுத் திரும்பி வரும்போது கட்டுநாயக்கவில் அவனது பொதியைச் சோதிக்கிறார்கள். உடம்பை எவரும் சோதிப்பதில்லை. அங்கே அவன் எதைச் சுவாசித்தான், எதைக் குடித்தான், தோலின் ஊடாக எது உள்ளே போனது என்ற கேள்விக்கு நமது நாட்டில் உரிமையாளர் இல்லை.

பல தொழில்களுக்கு இது பொருந்தும். சிமெந்துத் தூசி, பெயின்ட் வாயு என்று அடுக்கலாம். ஆனாலும் உள்ளே போனதற்கு எந்த அடையாளமும் காட்டாத, மணமோ சுவையோ வலியோ இல்லாத, அளந்து எழுதி வைத்தால் ஒழியப் பின்னாளில் நிரூபிக்கவே முடியாத ஒன்று இருக்கிறது. அது உடம்புக்குள் போகும் கதிர்வீச்சு. அணுமின் நிலையத் தொழிலாளர்களின் விடயம்தானே, நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கக்கூடும். தொடர்பு இருக்கிறது. அதற்கு முன் இந்தியாவில் நடந்த ஒரு சம்பவத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

கர்நாடகாவின் கைகா என்ற இடத்தில் காளி நதியோரம் ஓர் அணுமின் நிலையம் இருக்கிறது. 2009 நவம்பர் 24ஆம் திகதி, அங்கு வேலை செய்தவர்களிடம் வழக்கமாக எடுக்கப்படும் சிறுநீர் மாதிரிகள் சிலவற்றில் ட்ரிடியம் அளவுக்கு மீறி இருப்பது தெரிய வந்தது. முதலாவது அலகு பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்த நேரம் அது. உலையில் கசிவு இல்லை. பின்னே எங்கிருந்து வந்தது? தேடிப் பார்த்ததில், தொழிலாளர்கள் தண்ணீர் குடிக்கும் கூலரில் ட்ரிடியம் கலந்த கனநீர் ஊற்றப்பட்டிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. பாதிக்கப்பட்டவர்கள் ஐம்பதுக்கும் மேற்பட்டோர். உள்ளே வேலை செய்யும் யாரோ ஒருவரின் விஷமச் செயல் என்று அணுசக்தித் துறை சொன்னது. அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் இதைச் சிறிய விடயம் என்றார்.

சிறியதா பெரியதா என்பதை விடுங்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அந்த ஐம்பதுக்கும் மேற்பட்டோரில் ஒருவருக்காவது மயக்கமோ வாந்தியோ வந்து இந்தச் செய்தி வெளியாகவில்லை. அவர்களின் சட்டையில் குத்தியிருந்த கதிர்வீச்சு பேட்ஜும் எதையும் காட்டிக்கொடுக்கவில்லை, காட்டிக்கொடுக்கவும் முடியாது. ஒரு சிறு போத்தல் சிறுநீர்தான் காட்டிக்கொடுத்தது. அந்தச் சோதனை வழக்கமாக நடந்துகொண்டிருந்திராவிட்டால் அவர்கள் அதே கூலரில் தொடர்ந்து தண்ணீர் குடித்திருப்பார்கள். உலகத்துக்கும் தெரிந்திராது, அவர்களுக்கும் தெரிந்திராது.

பேட்ஜ் ஏன் காட்டாது என்பதைக் கொஞ்சம் விளங்கிக்கொள்ள வேண்டும். நமது வைத்தியசாலைகளின் எக்ஸ்ரே பிரிவில் வேலை செய்பவர்கள் நெஞ்சில் ஒரு சிறு பேட்ஜ் அணிந்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். வெளியிலிருந்து உடம்பை ஊடுருவிச் செல்லும் கதிரை அது பதிந்து வைக்கும். குறித்த காலத்துக்கு ஒரு முறை அதை அனுப்பி வாசித்து எடுப்பார்கள். எக்ஸ்ரே இயந்திரத்தின் சுவிட்சை நிறுத்தினால் கதிரும் நின்றுவிடும். அறையை விட்டு வெளியே வந்தால் ஆள் தப்பினார். இது வெளிக் கதிர்வீச்சு.

உட்கதிர்வீச்சு அப்படியல்ல. கதிரை உமிழும் பொருளே தூசியாக, ஆவியாக, தண்ணீராக உடம்புக்குள் குடியேறிவிடுகிறது. வேலை முடிந்து குளித்து, உடுப்பு மாற்றி, சாப்பிட்டுவிட்டுப் படுத்தாலும் அது கூடவே படுத்திருக்கும். ட்ரிடியம் உமிழும் பீட்டாக் கதிர் மிக வலுக்குறைந்தது, தோலைக்கூட தாண்டாது. அதனால்தான் வெளியே தொங்கும் பேட்ஜுக்கு அது தெரிவதில்லை. ஆனால் அது நீரோடு நீராக இரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போய்விட்டால், தாண்ட வேண்டிய தோல் என்று ஒன்று இல்லையே. யுரேனியம், தோரியம், புளூட்டோனியம் போன்றவை உமிழும் அல்பா துகளை ஒரு தாள் தடுத்துவிடும். அதே துகள் நுரையீரலுக்குள் வெளிப்பட்டால் அதன் பாதிப்பைச் சாதாரண எக்ஸ்ரேயை விட 20 மடங்காகக் கணக்கிடுகிறார்கள்.

ஆகவே உள்ளே போனதை அளக்க உடம்பைத்தான் கேட்க வேண்டும். அதற்கு வழிகள் பல உண்டு. சீசியம், கோபால்ட் போன்றவை உமிழும் காமாக் கதிர் உடம்பைத் தாண்டி வெளியே வரும் என்பதால், ஆளை ஒரு கருவியின் முன் சில நிமிடம் நிற்கவோ உட்காரவோ வைத்து அளந்துவிடலாம். முழு உடல் அளவி என்று அதைச் சொல்லலாம். அயடீன் தைரொய்ட்டில் போய்ச் சேரும், எனவே கழுத்தருகே அளப்பார்கள். ட்ரிடியத்துக்குச் சிறுநீர். கனநீரைப் பயன்படுத்தும் உலைகளில் இது மிக முக்கியம். கைகாவும் நமக்குப் பக்கத்திலிருக்கும் கல்பாக்கமும் அந்த வகை. புளூட்டோனியம், தோரியம் என்றால் சிறுநீரும் மலமும், சில சமயம் மூச்சுக்காற்றும். வேலைக்குச் சேர முன் ஒரு முறை, வேலை செய்யும் காலத்தில் ஒழுங்காக, வேலையை விட்டுப் போகும்போது கடைசியாக ஒரு முறை என்பதுதான் நெறி. முதல் அளவு இல்லாவிட்டால் எதனோடு ஒப்பிடுவது? கடைசி அளவு இல்லாவிட்டால் கணக்கை எப்படி முடிப்பது?

இங்கே காலம் ஒரு முக்கியமான விடயம். உடம்பிலுள்ள ட்ரிடியத்தில் பாதி ஏறக்குறைய 10 நாட்களில் வெளியேறிவிடும். கைகாவில் பாதிக்கப்பட்டவர்களைப் போன்றோருக்கு நிறையத் தண்ணீர் குடிக்கக் கொடுப்பதே பிரதான சிகிச்சை, அது வெளியேறுவதை விரைவாக்கும். நல்ல செய்திதான். ஆனால் இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். இரண்டு மாதம் கழித்து ஊருக்கு வந்து சோதித்தால், முதலில் இருந்ததில் அறுபத்து நான்கில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கும். ஒரு வருடம் கழித்து வந்தால் ஒன்றுமே இருக்காது. உடம்பு ஏற்ற பாதிப்பு ஏற்றதுதான். சாட்சி மட்டும் போய்விடும். அந்தந்த நேரத்தில் அளந்து எழுதாத ட்ரிடியம், சட்டத்தின் கண்ணில் ஒருபோதும் நடக்காத ஒன்று.

கைகாவுக்குப் பின்னும் இப்படி நடந்தது. 2012 ஜூன் 23இல் ராஜஸ்தானின் ராவத்பாட்டா நிலையத்தின் ஐந்தாவது அலகில் 38 தொழிலாளர்கள் ட்ரிடியத்துக்கு ஆளானார்கள். செய்தி வெளியே வர ஒரு மாதம் பிடித்தது. அதற்கும் முன்னர், 2003 ஜனவரியில் கல்பாக்கத்தின் மறுசுத்திகரிப்பு ஆலையில் ஆறு பேர் பெருமளவு கதிர்வீச்சுக்கு ஆளான சம்பவம் இருக்கிறது. அது வெளிக் கதிர்வீச்சு. ஆனால் அதுவும் பொதுவெளிக்கு வந்தது அந்த வருடம் ஜூலையில்தான். அங்கு ஊழியர் சங்கம் ஒன்று இருந்தது, பாதுகாப்பு அதிகாரி வேண்டும் என்று நிர்வாகத்துக்கு எழுதியது, போராடியது. சங்கமே இல்லாத இடத்தில், மொழி தெரியாத நாட்டில், கடவுச்சீட்டைக் கம்பனியிடம் கொடுத்துவிட்டு நிற்பவனின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

நான் பயம் காட்டுவதற்காக இதை எழுதவில்லை. ஒழுங்காக நடத்தப்படும் அணுமின் நிலையத்தில் பெரும்பாலான தொழிலாளர்கள் பெறும் அளவு வரம்பை விட மிகக் குறைவு. சர்வதேச வரம்பு ஐந்து வருடச் சராசரியாக வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஒரு வருடத்திலும் 50ஐத் தாண்டக் கூடாது. இந்தியா அந்த ஒரு வருட எல்லையை 30 என்று இன்னும் இறுக்கமாக வைத்திருக்கிறது. உயரமான கட்டடங்களில் சாரம் கட்டுபவனுக்கு இருக்கும் உயிராபத்து இதைவிட அதிகமாகக்கூட இருக்கலாம். ஆனால் சாரத்திலிருந்து விழுந்தவனின் கால் முறிவை எல்லோரும் பார்ப்பார்கள். இதை எழுதி வைத்த தாள் மட்டுமே பார்க்கும். நான் சொல்ல வருவது அந்தத் தாளைப் பற்றித்தான்.

தாளின் பெறுமதி என்ன என்பதை ஜப்பான் காட்டியது. 2011 மார்ச் 11ஆம் திகதி சுனாமி புகுஷிமா நிலையத்தைத் தாக்கியது. சுனாமி என்றால் என்னவென்று மருதமுனைக்கும் சாய்ந்தமருதுக்கும் எவரும் சொல்லித் தரத் தேவையில்லை. அங்கிருந்த கதிர்வீச்சு அளவிகள் ஏறக்குறைய 5,000 நீரில் மூழ்கிப் பாழாகின. மிஞ்சியது 320. ஒரு குழுவுக்கு ஓர் அளவி என்று தலைவன் மட்டும் அணிந்துகொண்டு மற்றவர்கள் வெறுமனே வேலை செய்தார்கள். நிலைய ஊழியர்களில் மிகக் கூடுதலாகப் பாதிக்கப்பட்டவருக்கு மொத்தம் 678 மில்லிசீவர்ட். அதில் சுமார் 590 உட்கதிர்வீச்சு, பெரும்பாலும் மூச்சோடு உள்ளே போன அயடீன். அதாவது வெளியே தொங்கிய அளவியை மட்டும் நம்பியிருந்தால் அவருடைய கணக்கு 88 என்ற அளவில் முடிந்திருக்கும். ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான் தெரிந்திருக்கும்.

அதைவிட எனக்கு உறுத்துவது இன்னோர் எண். ஜூன் மாதம் உட்கதிர்வீச்சுப் பரிசோதனைக்காக மார்ச்சில் வேலை செய்தவர்களை அழைத்தபோது, 69 பேரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. உப ஒப்பந்தக்காரர்களின் ஊடாக வந்தவர்கள் அவர்கள். அவர்களில் பலரின் பெயர்கூட ஒப்பந்தக்காரரின் ஏட்டில் இல்லை. அணு உலைக் கட்டடங்கள் வெடித்த இடத்தில் உயிரைப் பணயம் வைத்த மனிதர்கள், உலகமே பார்த்துக்கொண்டிருந்த ஒரு நிலையத்தில், மூன்று மாதத்துக்குள் முகவரி இல்லாதவர்களாகிப் போனார்கள். இத்தனைக்கும் ஜப்பானில் இதற்கென்று ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. அணுமின் நிலையத் தொழிலாளிக்கு வங்கிப் புத்தகம் போல ஒரு கதிர்வீச்சுப் புத்தகம் உண்டு. எந்த நிலையத்துக்குப் போனாலும் அங்கு பெற்ற அளவை அதில் பதிவார்கள். மத்திய பதிவேடு ஒன்றும் இருக்கிறது.

அந்த ஏற்பாட்டின் பலனையும் சொல்லிவிட வேண்டும். 2015 ஒக்டோபரில், புகுஷிமாவில் வேலை செய்து பின்னர் இரத்தப் புற்றுநோய் கண்ட ஒருவருக்கு ஜப்பானிய அரசு தொழில்சார் நோய்க்கான நட்டஈட்டை அங்கீகரித்தது. அவர் பெற்ற மொத்த அளவு 19.8 மில்லிசீவர்ட்தான். நோய்க்குக் காரணம் கதிர்வீச்சுத்தான் என்று எவரும் அடித்துச் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. குறித்த அளவுக்கு மேல் பதிவு இருந்தால் நோயாளிக்குச் சாதகமாகத் தீர்ப்பது என்பது அங்குள்ள விதி. பதிவு இருந்தது, அதனால் விதி வேலை செய்தது. அந்தக் காணாமல் போன 69 பேரில் ஒருவருக்கு நாளை அதே நோய் வந்தால் அவர் எதைக் காட்டுவார்?

இப்போது நம் பக்கம் வருவோம்.

அபுதாபியின் மேற்குக் கரையில் ஐக்கிய அரபு இராச்சியம் கட்டியிருக்கும் அணுமின் நிலையத்தின் பெயர் பரக்கா. நமது வழக்கில் பரகத். கொரியக் கம்பனி கட்டிய நான்கு உலைகள். முதலாவது 2021 ஏப்ரலில் வணிக ரீதியாக மின்சாரம் வழங்கத் தொடங்கியது, நான்காவது 2024இல். நாட்டின் மின் தேவையில் கால்வாசியை அவை தருகின்றன. கட்டுமானக் காலத்தில் அங்கு கதிர்வீச்சு இல்லை, எரிபொருள் ஏற்றாத உலை வெறும் கொங்கிறீட்டும் இரும்பும்தான். எரிபொருள் ஏற்றி ஓடத் தொடங்கிய பின் வரும் பராமரிப்புக் காலங்கள்தான் கவனிக்க வேண்டியவை. உலையை நிறுத்தி, திறந்து, சுத்தம் செய்து, வெல்டிங் வேலை பார்த்து, மீண்டும் மூடும் அந்தச் சில வாரங்களுக்குத்தான் உலகெங்கும் அணுமின் நிலையங்கள் வெளியிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களைக் கொண்டு வருகின்றன. அந்த நாட்டில் 2009 முதல் தனியான ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை இயங்குகிறது, விதிகள் சர்வதேசத் தரத்தில் உள்ளன. எனக்குள்ள கவலை அந்த விதிகளைப் பற்றியதல்ல. அங்கு எழுதப்படும் பதிவு, ஒப்பந்தம் முடிந்து விமானம் ஏறுபவனோடு கூட வருகிறதா என்பதைப் பற்றியது.

ஜப்பானும் கதவைத் திறந்திருக்கிறது. 2019 ஏப்ரலில் ஜப்பான் புதிய விசேட திறன் விசாவைத் தொடங்கியபோது, புகுஷிமாவைத் துப்புரவாக்கும் வேலைக்கும் அந்த விசாவில் வருபவர்களை எடுக்கலாம் என்று அந்த மின்சாரக் கம்பனி கூறியது. எதிர்ப்பு வந்தது. மொழி தெரியாதவர்களுக்குக் கதிர்வீச்சுப் பாதுகாப்பை எப்படி விளங்கவைப்பீர்கள் என்று கேட்டார்கள். மே மாதம் கம்பனி அந்தத் திட்டத்தைத் தற்காலிகமாகக் கைவிட்டது. அடுத்த மாதம், அதாவது ஜூனில், அதே விசாவுக்கான உடன்படிக்கையில் இலங்கை ஜப்பானோடு கைச்சாத்திட்டது. நமது ஊர்களில் ஜப்பான் மொழி வகுப்புகளுக்குப் போகும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தக் கதை தெரியும்? அந்தக் கதவை அன்று மூடியவர்கள் நமது அதிகாரிகள் அல்ல, ஜப்பானியர்கள்.

அணுமின் நிலையத்துக்குள் காலடி வைக்காதவர்களுக்கும் இது பொருந்தும் என்பதைப் பலரும் அறிவதில்லை. எண்ணெய், எரிவாயுக் கிணறுகளிலிருந்து எண்ணெயோடு மேலே வரும் நீரில் இயற்கையாகவே ரேடியம் கரைந்திருக்கும். கேத்தலின் அடியில் சுண்ணாம்பு படிவது போல அது குழாய்களின் உட்சுவரிலும் தொட்டிகளின் அடிச் சேற்றிலும் படிகிறது. ஈரமாக இருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. காய்ந்து, அதைச் சுரண்டவும் கிரைண்டர் பிடிக்கவும் தொடங்கும்போது தூசியாகி மூச்சில் ஏறுகிறது. அந்தச் சுரண்டும் வேலையை யார் செய்கிறார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

எனது சகோதரியின் மகன் ஒருவன் இரண்டு தடவை இப்படியான வேலைக்குப் போய் வந்தவன். நாட்டின் பெயரும் கம்பனியின் பெயரும் இங்கு தேவையில்லை. இந்தக் கட்டுரைக்காக அவனிடம் இருந்த கோப்பை வாங்கிப் பார்த்தேன். பிளாஸ்டிக் உறையில் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருந்தான். மெடிக்கல் அறிக்கை, ஒப்பந்தம், பணியகத்தில் பதிந்த பற்றுச்சீட்டு, சேஃப்டி வகுப்புக்குப் போனதற்கான அட்டை நான்கைந்து. “டேங்க்குக்குள்ள எறங்கக்குள்ள பேட்ஜ் ஒன்டு தந்தாங்க மாமா. வேல முடிஞ்ச பொறவு வாங்கிட்டாங்க. அதுல என்ன இருந்திச்சின்டு எங்களுக்குச் சொல்லல்ல” என்றான். சிறுநீர் எடுத்தார்களா என்று கேட்டேன். போக முன் கொழும்பில் எடுத்ததுதான் என்றான். முகத்துக்கு மாஸ்க் தந்தார்களாம், சூடு தாங்காமல் பலர் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்தார்களாம். அவனுக்கு எதுவும் ஆகியிருக்காது என்றே நம்புகிறேன். அதற்கு என்ன ஆதாரம் என்று அவனுடைய உம்மா கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. அந்தத் தடித்த கோப்பில் அதற்கான ஒரு தாள் இல்லை.

தொழிலாளியின் உடம்பிலிருந்து எடுத்த அளவு தொழிலாளிக்குச் சொந்தம். கம்பனியின் கையில் அது இருப்பது அமானிதமாகத்தான். அமானிதத்தை உரியவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதை நமது வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உலகமும் ஏறக்குறைய இதே முடிவுக்குத்தான் வந்திருக்கிறது. ஐரோப்பிய நாடுகள் 1990இலேயே, ஒரு நிலையத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறி மாறிப் போகும் வெளித் தொழிலாளர்களின் அளவு அவர்களோடு கூடவே போக வேண்டும் என்று விதி செய்தன. கதிர்வீச்சிலிருந்து தொழிலாளர்களைப் பாதுகாக்க 1960இல் சர்வதேச தொழில் அமைப்பு உருவாக்கிய 115ஆம் இலக்க சமவாயத்தை இலங்கையும் ஏற்றிருக்கிறது. தொழிலாளியை அளவிட வேண்டும், வேலைக்கு முன்னும் பின்னரும் தகுந்த வைத்தியப் பரிசோதனை வேண்டும் என்று அது சொல்கிறது.

அப்படியென்றால் இலங்கையில் இதைக் கையில் எடுக்க வேண்டியது யார்? 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் ஒரு பக்கம். மறுபக்கம் அணுசக்தி நிறுவனங்கள். 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டம் பழைய அதிகாரசபையை இரண்டாகப் பிரித்தது. அணுசக்தியை வளர்ப்பதற்கு ஒரு சபை, கண்காணிப்பதற்கு வேறாக ஓர் ஒழுங்குபடுத்தல் பேரவை. இது நல்ல ஏற்பாடு. இந்தியாவில் கண்காணிக்கும் சபைக்குப் போதிய சுதந்திரம் இல்லை என்று அந்நாட்டுக் கணக்காய்வாளர் நாயகமே 2012இல் அறிக்கை எழுதினார். நம்மிடம் சட்டத்தில் அந்தக் குறை இல்லை. வைத்தியசாலைகளில் பேட்ஜ் அணிபவர்களின் அளவுகளை வாசித்துப் பதியும் சேவையையும் அணுசக்தி சபை ஏற்கனவே செய்து வருகிறது. கொழும்பில் எக்ஸ்ரே எடுப்பவருக்கு இருக்கும் பதிவு, பாலைவனத்தில் தொட்டி சுரண்டுபவருக்கு மட்டும் ஏன் இருக்கக் கூடாது?

பெரிய செலவு ஒன்றும் தேவையில்லை. அணுமின் நிலையம், எண்ணெய்த் தொட்டி சுத்தம் செய்தல், குழாய்களுக்குக் கதிர் பிடித்துப் பார்க்கும் வேலை என்று வரும் ஒப்பந்தங்களைப் பணியகம் பதியும்போது ஒரு வாசகத்தைச் சேர்த்தால் போதும். தொழிலாளியின் வெளி, உள் கதிர்வீச்சு அளவுகளை எழுத்தில் அவரிடமும் இலங்கைத் தூதரகத்திடமும் ஒப்பந்த முடிவில் கொடுக்க வேண்டும் என்று. கொடுக்காத கம்பனிக்கு அடுத்த தடவை ஆள் அனுப்ப அனுமதி இல்லை. மாதச் சம்பளம் எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் எழுத வைக்க முடிந்த பணியகத்துக்கு இதையும் எழுத வைக்க முடியும். வரும் தாள்களைப் பதிந்து வைக்கும் வேலையை அணுசக்தி சபையிடம் ஒப்படைக்கலாம்.

இதில் இன்னொரு அவசரமும் இருக்கிறது. இலங்கையும் அணுமின் நிலையம் அமைப்பது பற்றிப் பேசி வருகிறது. 2015 பெப்ரவரியில் இந்தியாவோடு சிவில் அணுசக்தி ஒப்பந்தம் ஒன்று கைச்சாத்தானது. 2022இல் சர்வதேச அணுசக்தி முகவர் நிலையத்தின் நிபுணர் குழு வந்து நமது ஆயத்த நிலையை மதிப்பிட்டது. நிலையம் வருமா வராதா என்பது வேறு விவாதம், அதில் எனக்கும் கருத்து உண்டு, இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்வோம். ஆனால் புல்மோட்டையில் தோரியம் அடங்கிய மொனசைட் கலந்த கடல் மணலைப் பல தசாப்தங்களாக அள்ளிப் பிரித்து வருகிறோம். அங்கே தூசியில் நிற்கும் தொழிலாளியின் மூச்சிலும் சிறுநீரிலும் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு வெளிப்படையான, வருடாந்தம் பிரசுரிக்கப்படும் பதில் ஒன்று வேண்டும். மணல் தொழிலாளிக்கு அதைச் செய்து காட்டிய அரசுதான் அணு உலைத் தொழிலாளிக்கும் செய்வேன் என்று சொல்ல உரிமையுள்ள அரசு.

நமது மாவட்டத்துப் பாராளுமன்ற உறுப்பினர்கள் வெளிநாட்டுத் தொழிலாளர் பற்றிச் சபையில் பேசுவது பெரும்பாலும் சடலம் கொண்டுவருவது, சம்பள நிலுவை, தூதரகத்தில் தங்கவைக்கப்பட்ட பெண்கள் ஆகியவை பற்றித்தான். எல்லாம் பேச வேண்டியவையே. ஒப்பந்தத்தில் இந்த ஒரு வாசகத்தைச் சேர்க்கும்படி பணியகத்துக்குப் பொறுப்பான அமைச்சரிடம் ஒரு கேள்வி கேட்க அரை மணி நேர ஆயத்தம் போதும். பள்ளிவாசல் சம்மேளனங்களும் விளையாட்டுக் கழகங்களும் வெளிநாடு போகும் இளைஞர்களுக்கு நடத்தும் வழிகாட்டல் நிகழ்வுகளில் இதற்கெனப் பத்து நிமிடம் ஒதுக்கலாம்.

அதுவரை போகிறவர்கள் தாங்களே செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. பேட்ஜ் தந்தால் அதன் இலக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். திருப்பிக் கொடுக்கும் நாளில் திகதியோடு இன்னொரு படம். சிறுநீர் கேட்டால் தயங்காமல் கொடுங்கள், அது உங்களைப் பிடிப்பதற்கல்ல, உங்களுக்காக எடுக்கப்படுவது. கேட்காவிட்டால் ஏன் எடுக்கவில்லை என்று கேளுங்கள். வேலை செய்யும் இடத்தில் உள்ள கூலரிலோ குழாயிலோ குடிக்காமல், சாப்பிடும் இடத்துக்கு வந்து கை, முகம் கழுவிய பின் குடியுங்கள். ஒப்பந்தம் முடியும் வாரத்தில், ஊருக்கு வந்த பிறகு அல்ல, உங்கள் அளவுகளை எழுத்தில் தரும்படி சேஃப்டி அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அவர் தராவிட்டாலும் நீங்கள் கேட்டதற்கு அந்த மின்னஞ்சல் சாட்சி. அதன் பிரதி ஒன்றை வீட்டுக்கும் அனுப்பிவிடுங்கள்.